வி.எஸ். கோடுக்குள் கிட்: புதிதாகப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்குள்ள படிகள் விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டருக்கானவை. பைசார்ம், இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் போன்றவற்றில் பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கும்; அடியில் ஓடும் கிட் ஒன்றுதான். மெனுப் பெயர்களைத் திரையில் உள்ளபடி, தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

கிட், கிட்ஹப், வி.எஸ். கோடின் சோர்ஸ் கண்ட்ரோல்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. கிட் என்பது உங்கள் கணினியில் ஓடும் வெர்ஷன் கண்ட்ரோல் நிரல், அதாவது ஃபைல்களின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைப்பது. லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வேறொரு நிரலின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதும், 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. கிட்ஹப் 2008-இல் வந்த இணையச் சேவை. உங்கள் ரெப்போவின் (கிட் கண்காணிக்கும் ஃபோல்டரும் அதன் வரலாறும்) இன்னொரு பிரதியை வைத்துக்கொள்ளும் இடம். சோர்ஸ் கண்ட்ரோல் பேனல் என்பது கிட் கட்டளைகளை உங்களுக்காகத் தட்டிக்கொடுக்கும் பட்டன்களின் தொகுப்பு. இணையம் இல்லாமலும் கமிட் (அப்போதைய நிலையின் பதிவு) போடலாம், பிராஞ்ச் (தனியாகப் பிரிந்து செல்லும் வேலைக் கிளை) உருவாக்கலாம், பழைய வரலாற்றைப் பார்க்கலாம். புஷ் (கமிட்டைச் சர்வருக்கு ஏற்றுதல்), புல் (அங்குள்ளதை எடுத்து இணைத்தல்), ஃபெட்ச் (இணைக்காமல் எடுத்து மட்டும் வைத்தல்), குளோன் (முழு ரெப்போவையும் நகலெடுத்தல்) ஆகியவற்றுக்குத்தான் நெட் வேண்டும்.

வி.எஸ். கோட் போட்டாச்சு. ஆனாலும் கிட் இல்லை என்கிறதே?

வி.எஸ். கோடுடன் கிட் சேர்ந்து வராது, தனியாக நிறுவ வேண்டும். நிறுவியபின் எடிட்டரை முழுவதும் மூடித் திறங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் புதிய நிரலின் பாதை தெரியாது.

அடுத்து, கமிட்டில் பதிவாகப்போகும் பெயரையும் மின்னஞ்சலையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) திறந்து கிட் கான்ஃபிக் கட்டளையில் குளோபல் என்று குறிப்பிட்டு, யூசர்.நேம், யூசர்.ஈமெயில் இரண்டையும் கொடுங்கள். இதைச் செய்யாமல் கமிட் அழுத்தினால் இந்த இரண்டையும் அமைக்கச் சொல்லிப் பிழை வரும். அது லாகின் பிரச்சினை என்று நினைத்துப் பலர் கிட்ஹப் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இங்கே கொடுக்கும் மின்னஞ்சல் பொது ரெப்போவில் யார் கண்ணுக்கும் தெரியும். சொந்த முகவரியைக் காட்ட விருப்பமில்லையென்றால் கிட்ஹப் தரும் நோரிப்ளை முகவரியை அதன் செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து எடுத்துப் போடலாம்.

'இனிஷியலைஸ் ரெப்பாசிட்டரி' அழுத்தியதும் பல்லாயிரம் மாற்றங்கள் காட்டுகிறது. ஏன்?

புராஜெக்ட் ஃபோல்டருக்குப் பதில் டெஸ்க்டாப்பையோ யூசர் ஃபோல்டரையோ திறந்து வைத்து அழுத்தியிருப்பீர்கள். மாற்றங்கள் 10,000-ஐத் தாண்டினால் வி.எஸ். கோட் எச்சரித்துவிட்டு ஒரு பகுதியை மட்டும் காட்டும். சரிசெய்ய, அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.கிட்' என்ற ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். பேனலில் 'டிஸ்கார்ட் ஆல்' அழுத்தினால் கிட் இன்னும் கண்காணிக்காத ஃபைல்களை அது நீக்கும், அதாவது உங்கள் டெஸ்க்டாப்பையே.

இதன் மறுபக்கம்: ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றைக் குளோன் செய்வது. வெளி ரெப்போவைப் புஷ் செய்தபின் கிட்ஹப்பில் அந்த ஃபோல்டர் அம்புக்குறியுடன் தெரியும், திறக்க முடியாது. உள்ளிருக்கும் '.கிட்' காரணமாக ஃபைல்களுக்குப் பதில் ஒரு சுட்டி மட்டுமே பதிவாகியிருக்கும்.

ஸ்டேஜிங் எதற்கு? நேராகக் கமிட் போட்டால் ஆகாதா?

ஆகும். எதையும் ஸ்டேஜ் செய்யாமல் கமிட் அழுத்தினால், எல்லாவற்றையும் ஸ்டேஜ் செய்து கமிட் போடட்டுமா என்று வி.எஸ். கோட் கேட்கும். அந்தப் பெட்டியில் 'ஆல்வேஸ்' என்ற பட்டனை மட்டும் முதல் நாளே அழுத்திவிடாதீர்கள். அதற்குப்பின் பிழை தேடுவதற்காகப் போட்ட பிரிண்ட் வரி, சோதனைக்கு மாற்றிய போர்ட் எண் எல்லாம் கேட்காமலே உள்ளே போய்விடும்.

ஸ்டேஜ் என்பது குரூப் போட்டோவுக்கு முன் யார் யார் வரிசைக்கு வர வேண்டும் என்று கூப்பிடுவது, கமிட்தான் போட்டோ. ஃபைலுக்குப் பக்கத்தில் உள்ள '+' முழு ஃபைலையும் கூப்பிடும். ஒரே ஃபைலில் இரண்டு வேலை கலந்திருந்தால், ஃபைலைப் பேனலில் கிளிக் செய்து ஒப்பீட்டுப் பார்வையைத் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் தேர்ந்து, வலது கிளிக்கில் 'ஸ்டேஜ் செலக்டட் ரேஞ்சஸ்' கொடுங்கள். எடிட்டர் வழியாகக் கிட் பயன்படுத்துவதன் மிகப்பெரிய வசதி இதுதான் என்பது எங்கள் கருத்து. டெர்மினலில் இதே வேலை நச்சரிப்பு.

ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்டேஜ் செய்தபின் அதே ஃபைலை மறுபடி திருத்தினால், அது பேனலில் இரண்டு இடத்திலும் தெரியும். கமிட்டில் போவது ஸ்டேஜ் செய்த கணத்தில் இருந்த வடிவம். திருத்தம் 'போகவில்லை' என்ற புகார்களில் பாதி இதுதான்.

ஒரு கமிட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

அதைத் தனியாகத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். லாகின் பிழையைச் சரிசெய்ததும் மெனு நிறத்தை மாற்றியதும் ஒரே கமிட்டில் இருந்தால், நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பப் பெறும்போது லாகின் பிழையும் திரும்பி வரும். கமிட் செய்தியின் முதல் வரியைச் சுமார் 50 எழுத்துக்குள் வைப்பது நெடுநாள் வழக்கம். ஒரு வரி விட்டு, ஏன் மாற்றினோம் என்பதை எழுதலாம். எதை மாற்றினோம் என்பதை ஒப்பீடே காட்டிவிடும். தமிழில் செய்தி எழுதுவதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

'சிங்க் சேஞ்சஸ்' என்ன செய்கிறது?

முதலில் புல், பிறகு புஷ். இரண்டும் ஒரே அழுத்தில். கீழே இடது ஓரத்தில் பிராஞ்ச் பெயருக்குப் பக்கத்தில் கீழ் அம்புடன் வரும் எண், வர வேண்டிய கமிட்டுகள். மேல் அம்புடன் வருவது, போக வேண்டியவை. கீழ் அம்பில் 0 என்பதால் சர்வரில் புதிதாக எதுவும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கடைசியாக ஃபெட்ச் செய்தபோது இருந்த நிலை அது. 'ஆட்டோஃபெட்ச்' அமைப்பை இயக்கினால் 180 விநாடிக்கு ஒருமுறை எடிட்டரே பார்த்துக்கொள்ளும்.

பழகும் காலத்தில் சிங்க்கைத் தவிர்த்து, மூன்று புள்ளி மெனுவிலிருந்து ஃபெட்ச், புல், புஷ் மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள். எந்தப் படியில் உடைகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

புஷ் செய்தால் மறுக்கிறது, 'முதலில் புல் செய்' என்கிறது.

நீங்கள் கடைசியாகப் புல் செய்தபின் வேறு யாரோ அதே பிராஞ்சில் கமிட் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது நீங்களே கிட்ஹப் தளத்தில் ரீட்மீ ஃபைலைத் திருத்தியிருக்கிறீர்கள். சொன்னபடி புல் செய்யுங்கள். அப்போது, இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டன, எப்படி இணைப்பது என்று சொல்லவில்லை என மறுபடி பிழை வரலாம், கிட் 2.33-இலிருந்து இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே வருகிறது. கிட் கான்ஃபிக்கில் புல்.ரீபேஸ் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் மெர்ஜ் (இரண்டு பக்கத்தையும் சேர்த்து இணைத்தல்) ஆகும், ட்ரூ கொடுத்தால் ரீபேஸ் (சர்வரில் உள்ளவற்றின் மேல் உங்கள் கமிட்டுகளை மறுபடி அடுக்குதல்) ஆகும். புதியவர்கள் ஃபால்ஸ் கொடுங்கள்.

இந்த இடத்தில் இணையத்தில் தேடி ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதன் மேல் கட்டாயமாக ஏற்றுதல்) செய்பவர்கள் உண்டு. பிழை மறையும், கூடவே நண்பரின் கமிட்டும் சர்வரிலிருந்து மறையும். உங்களுக்கு மட்டுமே உரிய பிராஞ்சில் தேவைப்பட்டால், 'ஃபோர்ஸ் வித் லீஸ்' வகையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் பார்க்காத கமிட் சர்வரில் இருந்தால் அது மறுத்துவிடும். பின்னணியில் ஆட்டோஃபெட்ச் ஓடினால் அந்தப் பாதுகாப்பும் தளரும். ஃபெட்ச் ஆன கமிட்டை நீங்கள் பார்த்துவிட்டதாகவே கிட் எடுத்துக்கொள்ளும்.

கான்ஃப்ளிக்ட் வந்துவிட்டது. எதை அழுத்துவது?

உடனே எதையும் அழுத்த வேண்டாம். ஒரே வரியை, அல்லது ஒட்டியுள்ள வரிகளை, இரண்டு பிராஞ்சும் வெவ்வேறாக மாற்றியதால் கிட் முடிவை உங்களிடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். எதுவும் உடையவில்லை. பேருந்துக் கட்டணம் கணக்கிடும் பைதான் ஃபைல் ஒன்றில் 'கட்டணம் = 40' என்று இருந்ததாக வையுங்கள். ஒருவர் தொகையை ஏற்றினார், இன்னொருவர் தூரக் கணக்காக மாற்றினார். ஃபைலில் இப்படித் தெரியும்:

<<<<<<< ஹெட்
கட்டணம் = 45
=======
கட்டணம் = தூரம் * 2
>>>>>>> தூரக்கணக்கு

மேல் பகுதி நீங்கள் இப்போது நிற்கும் பிராஞ்ச், வி.எஸ். கோட் இதைக் 'கரன்ட்' என்கிறது. கீழ்ப் பகுதி உள்ளே வருவது, 'இன்கமிங்'. ரீபேஸ் செய்யும்போது இது தலைகீழ்: உங்கள் சொந்த மாற்றம் 'இன்கமிங்' பக்கம் நிற்கும். இது தெரியாமல் தன் வேலையைத் தானே தூக்கி எறிந்தவர்கள் ஏராளம்.

'அக்செப்ட் போத்' அழுத்தினால் இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நிரல் பிழையின்றி ஓடும். ஆனால் இரண்டாம் வரி முதல் வரியை மூடிவிடுவதால் 45 என்பது எங்கும் பயன்படாது. இறக்குமதி வரிகள், மொழிபெயர்ப்புப் பட்டியல் போன்ற இடங்களில்தான் 'போத்' பொருந்தும். மேலே உள்ள நிலைமைக்குச் சரியான விடை இரண்டு பக்கத்திலும் இல்லாமல் இருக்கலாம்: குறைந்தபட்சக் கட்டணம் 45, அதற்குமேல் தூரக் கணக்கு என்று கையால் எழுத வேண்டியிருக்கும். மாற்றியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முடித்ததும் குறியீட்டு வரிகள் மூன்றும் போய்விட்டனவா என்று பாருங்கள், ஃபைலைச் சேமித்து ஸ்டேஜ் செய்யுங்கள், பிறகு கமிட். மெர்ஜ் எடிட்டரில் வேலை செய்தால் 'கம்ப்ளீட் மெர்ஜ்' ஸ்டேஜ் வரை செய்துதரும், கமிட்டை நீங்கள்தான் போட வேண்டும். குழம்பிவிட்டால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (P) அழுத்திக் கட்டளைப் பட்டியலைத் திறந்து 'கிட்: அபார்ட் மெர்ஜ்' கொடுங்கள், மெர்ஜுக்கு முந்தைய நிலைக்கு வந்துவிடும்.

கான்ஃப்ளிக்ட் வராத மெர்ஜும் தவறாக இருக்கலாம். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார், இன்னொருவர் வேறு ஃபைலில் பழைய பெயரில் அதை அழைக்கிறார். வரிகள் மோதாததால் கிட் மௌனமாக இணைத்துவிடும். மெர்ஜுக்குப்பின் நிரலை ஒருமுறை ஓட்டிப்பாருங்கள்.

'டிஸ்கார்ட் சேஞ்சஸ்' தெரியாமல் அழுத்திவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

கமிட் போட்டது எளிதில் தொலையாது, போடாதது எளிதில் தொலையும். டிஸ்கார்ட் இரண்டாவது வகை. கிட் இதற்கு உதவாது. ஆனால் வி.எஸ். கோட் 2022 மார்ச் பதிப்பிலிருந்து தனியாக ஒரு உள்ளூர் வரலாறு வைத்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் பேனலின் அடியில் 'டைம்லைன்' பகுதியைத் திறங்கள். நீங்கள் சேமித்த ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பதிவு இருக்கும். வலது கிளிக்கில் 'ரீஸ்டோர் கன்டென்ட்ஸ்'. ஃபைலே போய்விட்டால், கட்டளைப் பட்டியலில் 'லோக்கல் ஹிஸ்டரி: ஃபைண்ட் என்ட்ரி டு ரீஸ்டோர்'. இயல்பாக ஒரு ஃபைலுக்கு 50 பதிவுகள் வரை, 256 கேபி வரையுள்ள ஃபைல்களுக்கு மட்டும். எடிட்டரில் சேமிக்காத மாற்றம் இதில் இருக்காது.

முன்பு ஸ்டேஜ் செய்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஸ்டேஜ் செய்த உள்ளடக்கத்தைக் கிட் அப்போதே சேமித்துவிடும். டெர்மினலில் கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை 'லாஸ்ட்-ஃபவுண்ட்' உடன் ஓட்டினால், பெயரில்லாத துண்டுகளாக அவற்றை எடுத்துத் தரும்.

கமிட்டையே திரும்பப் பெற வேண்டும்.

புஷ் செய்தாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் மூன்று புள்ளி மெனுவில் கமிட், அதற்குள் 'அன்டூ லாஸ்ட் கமிட்'. மாற்றங்கள் ஸ்டேஜில் அப்படியே இருக்கும், கமிட் செய்தியும் பெட்டிக்குத் திரும்பும். புஷ் ஆகிவிட்டால் இதைச் செய்யாதீர்கள். டெர்மினலில் கிட் ரிவெர்ட் ஓட்டுங்கள். அது பழைய கமிட்டை அழிக்காமல், அதற்கு நேரெதிரான புதிய கமிட் ஒன்றைப் போடும்.

தவறாக ஹார்ட் ரீசெட் (மாற்றங்களை எறிந்துவிட்டுப் பழைய கமிட்டுக்குத் திரும்புதல்) செய்தோ பிராஞ்சை அழித்தோ கமிட்டைத் தொலைத்தவர்களுக்கு கிட் ரெஃப்லாக். ஹெட் (நீங்கள் நிற்கும் கமிட்டைக் காட்டும் சுட்டி) எங்கெல்லாம் நின்றது என்ற பட்டியல் வரும். வேண்டிய வரியின் தொடக்கத்தில் உள்ள 7 எழுத்து அடையாளத்தை எடுத்து, கிட் பிராஞ்ச் கட்டளைக்கு ஒரு புதுப் பெயருடன் கொடுத்தால் அந்தக் கமிட் மீண்டும் ஒரு பிராஞ்சில் நிற்கும். எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டுக்கு இந்தப் பதிவு இயல்பாக 30 நாள் இருக்கும். ரெஃப்லாக் உங்கள் கணினியில் மட்டுமே. புதிதாகக் குளோன் செய்த பிரதியில் தேடிப் பயனில்லை.

வேலை பாதியில் இருக்கிறது. வேறு பிராஞ்சுக்குப் போக வேண்டும்.

'ஸ்டாஷ்' (மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தல்) செய்யலாம், புதிய ஃபைல்களையும் சேர்க்க 'இன்க்ளூட் அன்ட்ராக்ட்' வகை. ஆனால் ஸ்டாஷில் போட்டதை மறந்துவிடுவது சுலபம். ஒரு நாளுக்குமேல் விட்டுப்போவதாக இருந்தால் அதே பிராஞ்சில் 'பாதி வேலை' என்று கமிட் போட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் அன்டூ செய்துகொள்ளலாம். பிராஞ்ச் மாறும்போது எடிட்டர் காட்டும் பெட்டியில் 'ஃபோர்ஸ் செக்அவுட்' என்பது மாற்றங்களை எறிந்துவிட்டு மாறுவது.

பாஸ்வேர்டும் ஏபிஐ சாவியும் உள்ள ஃபைலைப் புஷ் செய்துவிட்டேன்.

முதலில் அந்தச் சாவியை வழங்கிய சேவையில் போய் ரத்து செய்து புதிது வாங்குங்கள். ஃபைலை அழித்து அடுத்த கமிட் போடுவதால் பயனில்லை. பழைய கமிட்டில் யாரும் படிக்கலாம். வரலாற்றிலிருந்து வெட்டியெடுக்க கிட் ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவிகள் உண்டு, ஆனால் வேறு யாராவது அதற்குள் குளோன் செய்திருந்தால் அவர்களிடம் அது இருக்கும். சாவி ரத்தான பிறகு வெட்டும் வேலையை நிதானமாகச் செய்யலாம்.

'.கிட்இக்னோர்' ஃபைலில் எழுதியும் கேட்கவில்லையே?

கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல் அது. இன்னும் கண்காணிக்காத ஃபைல்களுக்கு மட்டும்தான் செல்லும். முன்பே கமிட் ஆனதை நிறுத்த, கிட் ஆர்எம் கட்டளையை 'கேஷ்ட்' உடன் ஓட்டி, பிறகு கமிட் போட வேண்டும். ஃபைல் உங்கள் வட்டில் இருக்கும், கிட் கண்காணிப்பிலிருந்து மட்டும் போகும். ஆனால் அந்தக் கமிட்டைப் புல் செய்யும் மற்றவர்களின் கணினியில் ஃபைல் அழிந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட் மாட்யூல்ஸ், பைதான் விர்ச்சுவல் என்விரான்மென்ட், பில்டு ஃபோல்டர்கள் முதல் கமிட்டுக்கு முன்பே இதில் இருக்க வேண்டும். கிட்ஹப் 50 எம்பிக்குமேல் எச்சரிக்கும், 100 எம்பிக்குமேல் ஏற்காது. பெரிய ஃபைல் ஒரு பழைய கமிட்டில் இருந்தாலும் புஷ் மொத்தமும் மறுக்கப்படும்.

ஒரு வரிதான் மாற்றினேன். முழு ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது.

பெரும்பாலும் வரி முடிவு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸும் மேக்கும் ஒன்று. ரெப்போவின் மேல் ஃபோல்டரில் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்ற ஃபைல் வைத்து, அதில் எல்லா ஃபைல்களுக்கும் டெக்ஸ்ட்=ஆட்டோ என்று ஒரு வரி எழுதினால் குழுவில் எல்லோருக்கும் சீராகும். இல்லையென்றால் 'ஃபார்மட் ஆன் சேவ்' காரணம்: உங்கள் ஃபார்மட்டர் நான்கு இடைவெளியை இரண்டாக்கியிருக்கும். முழு ஃபைலையும் சீராக்க வேண்டுமென்றால் அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள்.

தமிழ் உரை உள்ள ஃபைல்களில் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் எந்த வித்தியாசமும் இருக்காது, கிட்டுக்கு இரண்டும் வேறு. ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. ஒப்பீட்டில் இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிந்தும் வரி சிவப்பு-பச்சையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். பைதானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷன் இருக்கிறது. எல்லா ஃபைல்களையும் ஒருமுறை அதன் வழியே ஓட்டிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல், டெர்மினலில் \340\256 என்று எண்களாக வருகிறது.

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண்) அல்லாத எழுத்துகளைக் கிட் இயல்பாக எண்களாக்கிக் காட்டும். கிட் கான்ஃபிக்கில் கோர்.குவோட்பாத் (core.quotePath) என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் தமிழாகவே வரும்.

கல்லூரி லேப் கணினியில், பென் டிரைவில் வைத்து வேலை செய்யலாமா?

செய்யலாம், சில தொல்லைகளுடன். பல பென் டிரைவ்களின் ஃபைல் அமைப்பு யார் உரிமையாளர் என்பதைப் பதிவதில்லை; அதனால் ரெப்போ பாதுகாப்பற்றது என்று வி.எஸ். கோட் தடுக்கும், 'மேனேஜ் அன்சேஃப் ரெப்பாசிட்டரிஸ்' வழியாக அனுமதிக்க வேண்டும். பெயரையும் மின்னஞ்சலையும் குளோபலாகப் போடாமல் அந்த ரெப்போவுக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து உட்காருபவரின் கமிட் உங்கள் பெயரில் போகும். புஷ் செய்யும்போது அனுமதி மறுக்கும் 403 பிழை வந்தால், விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் முன்பு உட்கார்ந்தவரின் கிட்ஹப் கணக்கு இருக்கிறது. அந்தப் பதிவை நீக்கிவிட்டு மறுபடி புஷ் செய்தால் லாகின் கேட்கும். எழுந்து போகும் முன் உங்களுடையதையும் நீக்குங்கள். டெர்மினலில் கடவுச்சொல் கேட்டால் கிட்ஹப் கடவுச்சொல் செல்லாது, 2021 ஆகஸ்ட் 13 முதல் அதற்குப் பதில் டோக்கன் என்ற தனிச் சாவிதான் வேண்டும்.

ரெப்போவை ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் வைப்பதை மட்டும் தவிருங்கள். '.கிட்' ஃபோல்டரின் நுண்ணிய ஃபைல்களை அவை தனித்தனியாக நகலெடுக்கும்போது ரெப்போ பழுதாகலாம்.

டெர்மினல் கட்டளைகளையும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

தனியாகப் பாடம் படிக்கத் தேவையில்லை. மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ கிட் அவுட்புட்' என்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டன்களை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் எந்தக் கட்டளை ஓடியது, கிட் என்ன பதில் சொன்னது என்பது வரிவரியாக வரும். பிழைப் பெட்டியில் வரும் அரைகுறை வாசகத்தின் முழு வடிவமும் அங்கேதான்.

பைசெக்ட் போன்ற சிலவற்றுக்கு டெர்மினல்தான் வழி. எந்தக் கமிட்டிலிருந்து நிரல் உடைந்தது என்று தெரியாதபோது, நன்றாக ஓடிய ஒரு பழைய கமிட்டையும் உடைந்த கமிட்டையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தந்து சோதிக்கச் சொல்லும். ஒவ்வொரு முறையும் குட், பேட் என்று பதில் கொடுத்தால் 1,000 கமிட்டுகளைச் சுமார் 10 படிகளில் ஒன்றாகச் சுருக்கிவிடும். முடிந்ததும் பைசெக்ட் ரீசெட் கொடுங்கள். மறந்தால் பழைய கமிட் ஒன்றிலேயே நிற்பீர்கள், பிராஞ்ச் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் தெரியும். அங்கே கமிட் போட்டால் அது எந்தப் பிராஞ்சிலும் சேராது. போட்டுவிட்டிருந்தால், நகர்வதற்கு முன் 'கிரியேட் பிராஞ்ச்' அழுத்தி அதற்கு ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள்.